நக்கலுக்கும் கிண்டலுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்?

நகைச்சுவையைப் பற்றி ஆங்கிலத்தில் பேச 'ஃபன்னி', 'ஜோக்', 'காமெடி' என்ற மூன்று சொற்களைத் தாண்டித் தமக்கு ஒன்றும் வருவதில்லை என்றும், நக்கல், நையாண்டி, கிண்டல், மொக்கை ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாகத் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. லண்டனிலிருந்து இணையவழிக் கூட்டத்தில் பேசிய மேலாளரிடம், அவருடைய உரை கலகலப்பாக இருந்தது என்று பாராட்டும் எண்ணத்தில் 'யுவர் டாக் வாஸ் வெரி ஃபன்னி' என்று சொன்னீர்கள்; அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, ஒட்டாத குரலில் நன்றி சொன்னார். அவர் ஏன் தயங்கினார் என்பதற்கு எந்தப் பட்டியலும் விடை தராது. ஆகவே பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்; நீங்கள் கேட்ட சொற்களும் வழியில் வந்து சேரும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிப்பதில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. நான் படித்ததும் கற்பிப்பதும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க வழக்கு வேறுபடும் இடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். இணையத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பிறந்து மறையும் கொச்சைச் சொற்களுக்கு என்னைவிட என் மாணவர்களின் பிள்ளைகளே நல்ல வழிகாட்டிகள்.

'ஃபன்னி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சிரிப்பூட்டுவது, மற்றொன்று, ஏதோ சரியில்லாதது, விசித்திரமானது. பால் 'ஃபன்னி'யாக மணக்கிறது என்றால் அது கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. கணக்கில் ஏதோ 'ஃபன்னி'யாக இருக்கிறது என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்களுக்கே இது குழப்பம் தருவதால்தான் 'ஃபன்னி ஹாஹாவா, ஃபன்னி பிக்யூலியரா' என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. உங்கள் மேலாளர் காலாண்டு விற்பனையைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கவைக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவரிடம் 'வெரி ஃபன்னி' என்றால், தம்முடைய உரையில் எது சிரிப்புக்கு இடமாயிற்று என்றுதான் அவர் யோசித்திருப்பார். போதாக்குறைக்கு, 'வெரி ஃபன்னி' என்ற தொடரையே ஆங்கிலத்தில் எரிச்சலைக் காட்டவும் சொல்வார்கள். நம் ஊரில் 'சிரிச்சாச்சு, போதுமா' என்று சொல்வோமே, அந்தத் தொனியில். நீங்கள் தேடியது 'ஃபன்' என்ற பெயர்ச்சொல் அல்லது 'லைவ்லி', 'என்டர்டெய்னிங்' போன்ற பெயரடை. 'ஃபன்' என்பது மகிழ்ச்சியாகப் பொழுது போவது, 'ஃபன்னி' என்பது சிரிப்பு வருவது. கொடைக்கானல் சுற்றுலா 'ஃபன்'னாக இருக்கலாம். அது 'ஃபன்னி'யாக இருந்தது என்றால் யாரோ ஏரியில் விழுந்திருக்க வேண்டும்.

இந்த ஒரு சொல்லில் நடந்ததுதான் மற்றச் சொற்களிலும் நடக்கிறது. தமிழில் நக்கல் என்ற ஒரே சொல்லை நண்பனின் அன்பான சீண்டலுக்கும் சொல்கிறோம், அதிகாரியின் அவமதிப்புக்கும் சொல்கிறோம். எது எது என்பதைக் குரலும் உறவும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் சொல்லே செய்தாக வேண்டும். யாருடைய செலவில் சிரிக்கிறார்கள், அவருக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தார்களா, அவரும் சேர்ந்து சிரிக்க முடியுமா என்ற மூன்றையும் பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆகையால் நக்கலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்பதைவிட, இந்த நக்கலுக்கு என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்பதே பயன் தரும்.

கிண்டலை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சமமாக அடித்து ஆடி, யாருக்கும் காயமில்லாமல் முடிவது 'பான்டர்'. அலுவலகத் தேநீர் இடைவேளையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு பக்கம் மட்டும் சீண்டினால் அது 'டீஸிங்'. அன்பாகவும் இருக்கலாம், எல்லை மீறியும் போகலாம் என்பதால் ஆங்கிலேயர்களே இதற்கு முன்னால் 'ஜென்ட்ல்' என்றோ 'க்ரூவல்' என்றோ ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்வார்கள். 'மேக் ஃபன் ஆஃப்' என்றால் சிரிப்பவர்கள் ஒரு பக்கம், சிரிக்கப்படுபவர் மறுபக்கம் என்று பிரிவு விழுந்துவிட்டது. 'போக் ஃபன் அட்' அதைவிடச் சற்று மென்மையானது, செய்தித்தாள்கள் விரும்பும் தொடர். 'மாக்' என்பதில் இளக்காரம் வந்துவிடுகிறது. 'ரிடிக்யூல்' என்பது ஒருவரைச் சபையில் மதிப்பிழக்கச் செய்வது. 'டான்ட்' என்பதில் சிரிப்பே கிடையாது; சீண்டிச் சண்டைக்கு இழுப்பது அது. கலாய்ப்பது என்ற இன்றைய சொல்லுக்குப் பிரிட்டனில் 'டேக் த மிக்கி' பெரும்பாலும் பொருந்தும், ஆனால் அதை நண்பர்களிடையே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒருவரை உட்காரவைத்து, அவர் சம்மதத்தோடு வரிசையாகக் கலாய்க்கும் அமெரிக்க வழக்கம் 'ரோஸ்ட்'. சம்மதம் என்பது அதில் முக்கியமான பகுதி.

'புல் சம்ஒன்ஸ் லெக்' என்ற தொடரில் நம்மவர்கள் வழுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழில் ஒருவர் காலை வாரிவிட்டார் என்றால் துரோகம் செய்துவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் அது, பொய்யான ஒன்றை உண்மைபோலச் சொல்லி, கேட்பவர் நம்பியதும் சிரிப்பது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'மை கலீக் புல்ட் மை லெக் இன் ஃப்ரன்ட் ஆஃப் த கிளையன்ட்' என்று எழுதி, உடன்பணியாளர் தம்மைக் கவிழ்த்துவிட்டார் என்று புகார் சொன்ன மாணவர் ஒருவருக்கு, இருவருக்கும் இடையில் இவ்வளவு நட்பு இருப்பதில் மகிழ்ச்சி என்ற தோரணையில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இந்தத் தொடரின் தோற்றத்தைப் பற்றி, திருடர்கள் வழிப்போக்கர்களின் காலை இழுத்து விழவைத்தார்கள் என்றும், தூக்கிலிடப்பட்டவர்களின் காலை உறவினர்கள் இழுத்தார்கள் என்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. கதைகள் சுவையானவை, சான்று இரண்டுக்குமே இல்லை.

'லாஃப் அட்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'தே லாஃப்ட் அட் மை ஜோக்' என்றால் உங்கள் நகைச்சுவை வென்றது. 'தே லாஃப்ட் அட் மீ' என்றால் நீங்கள் தோற்றீர்கள். முன்னிடைச்சொல் அதேதான், பின்னால் வரும் சொல்தான் வெற்றியைத் தோல்வியாக்குகிறது. சேர்ந்து சிரிப்பதற்கு 'லாஃப் வித்', சங்கடத்தைச் சிரித்து ஒதுக்குவதற்கு 'லாஃப் ஆஃப்'. எல்லோரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ அவர் 'பட் ஆஃப் த ஜோக்'. இங்கே 'பட்' என்பதை உடலின் பின்புறம் என்று நினைத்துக்கொண்டு சிலர் பயன்படுத்தவே கூச்சப்படுகிறார்கள். அது வில்வித்தையில் அம்பெய்து பழகும் இலக்கைக் குறித்த பழைய சொல். நகைச்சுவையின் இலக்கு என்பதுதான் நேர்ப்பொருள், எந்தக் கூட்டத்திலும் தயங்காமல் சொல்லலாம்.

இங்கே இந்திய ஆங்கிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'ராகிங்' என்ற சொல் நமக்குக் கல்லூரிக் கொடுமையைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்ய 1997இல் தனிச் சட்டமே வந்தது. அமெரிக்கரிடம் அதைச் சொன்னால் புரியாது, அவர்களுடைய சொல் 'ஹேஸிங்'. பிரிட்டனில் 'ராக்' என்றால் மாணவர்கள் வேடிக்கை விழாக்கள் நடத்தி அறப்பணிக்குப் பணம் திரட்டுவதைக்கூடக் குறிக்கும். அதைவிட முக்கியமானது 'ஈவ் டீஸிங்'. பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைச் சீண்டல் என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்ட இந்தத் தொடரை நம் நாளிதழ்கள் நெடுங்காலம் பயன்படுத்தின. வெளிநாட்டுக் குழுவிடம் இதைச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும்: அவர்களுக்குப் புரியாது, அல்லது நீங்கள் குற்றத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்றே சொல்லுங்கள்.

நையாண்டியின் பக்கம் வந்தால், 'ஐரனி', 'சார்காஸம்', 'சட்டையர்' என்ற மூன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 'சார்காஸம்' சதையைக் கிழித்தல் என்ற பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது; அந்த வேரை நினைவில் வைத்தாலே போதும். ஒருவர்மீது பாய்ந்து, சொல்வதற்கு நேர் எதிரானதைப் பொருளாக வைத்துக் குத்துவது அது. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரிடம் 'இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீர்கள்' என்பது 'சார்காஸம்'. 'ஐரனி' அதைவிட அகன்றது. கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் தெரிந்தும் தெரியாததுபோல நடிக்கும் பாத்திரத்தின் பெயரிலிருந்து அது வந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும், எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் இடையே உள்ள முரணை அது குறிக்கும். இலக்கு என்று ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தீயணைப்பு நிலையம் தீப்பற்றி எரிந்தால் 'ஐரனி' உண்டு, 'சார்காஸம்' இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் புறநானூற்றின் 95ஆம் பாட்டைத்தான் எடுப்பேன். அதியமானின் தூதாக வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. ஒரு வசைச் சொல்கூட அதில் இல்லை. கேட்பதற்குப் பாராட்டு, உள்ளே இகழ்ச்சி. நம் இலக்கணத்தார் வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்ட இதை ஆங்கிலத்தில் 'ஐரனி' என்றே சொல்வேன்; 'சார்காஸம்' என்று சொன்னால் ஔவையின் குரலை நாமே உயர்த்திவிட்டதாக ஆகிவிடும். 'சட்டையர்' என்பது ஒரு வரியோடு முடிவதில்லை. சமூகத்தையோ அதிகாரத்தையோ குறிவைத்து எழுதப்படும் முழுப்படைப்பு அது, நம்முடைய அங்கதம். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பிரிப்பது வெளிப்படையாகத் தாக்குவதா, மறைத்துத் தாக்குவதா என்ற அதே கேள்வியை வைத்துத்தான். அலுவலக உரையாடலில் 'சட்டையர்' உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. தற்செயலாக நேர்ந்த எதையும் 'ஐரனிக்' என்று சொல்லும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. அது தவறா என்பதில் ஆங்கில நடைநூலார் ஒத்துப்போவதில்லை, நான் என் மாணவர்களை எழுத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன்.

அடுத்து, சொல்கிற முகம். உங்கள் குழு லண்டன் குழு என்பதால் இதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். முகத்திலோ குரலிலோ எந்த மாற்றமும் காட்டாமல், இது வேடிக்கை என்ற அறிவிப்பே இல்லாமல் சொல்வது 'ட்ரை ஹியூமர்'. அதில் முகம் கல்லாகவே இருந்துவிட்டால் 'டெட்பேன்'. 'பேன்' என்பது முகத்துக்கான பழைய அமெரிக்கக் கொச்சைச் சொல், ஆகச் செத்த முகம் என்பது நேர்ப்பொருள். பேசாப் படங்களில் நடித்த பஸ்டர் கீட்டன், வீடே இடிந்து விழும்போதும் முகம் மாறாமல் நின்றதற்காகக் 'கல்முகம்' என்று பெயர் வாங்கியவர். 'ரை' என்ற சொல்லின் அடிப்பொருள் கோணலாக முறுகியது; வாழ்க்கையின் ஏமாற்றத்தை ஒரு பக்கம் கோணிய புன்னகையோடு ஏற்றுக்கொள்ளும் பேச்சு 'ரை ஹியூமர்'. 'டங் இன் சீக்' என்றால் முழு மனதோடு சொல்லவில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பொருள். ஒருவர் உண்மையாகச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் மண்டையைக் குடைந்துகொள்ளும் வாக்கியங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். 'வாஸ் ஹி பீயிங் சீரியஸ்' என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. ஆங்கிலேயர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் 'ஹியூமர்', 'விட்' என்ற இரண்டு மூத்த சொற்களையும் பார்த்துவிடலாம். 'ஹியூமர்' இலத்தீனில் ஈரம் அல்லது நீர்மம். கிரேக்கர் வழிவந்த ஐரோப்பிய மருத்துவம் உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் இருப்பதாகவும், அவற்றின் அளவே ஒருவரின் குணத்தைத் தீர்மானிப்பதாகவும் நம்பியது. வாத பித்த கபத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒன்று மிகுந்தால் குணம் கோணலாகும், கோணல் குணம் மற்றவர்களுக்கு வேடிக்கையாகும். இலண்டன் மேடையில் பென் ஜான்சன் 1598இல் அரங்கேற்றிய 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' என்ற நாடகம் இந்தக் கருத்தைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. குணக்கோணலைக் குறித்த சொல் பிறகு அந்தக் கோணலை ரசிக்கும் திறனுக்குப் பெயராயிற்று. பழைய பொருள் இன்னும் இரண்டு இடங்களில் உயிரோடு இருக்கிறது. 'குட் ஹியூமர்ட்' என்பவர் இனிய சுபாவமுள்ளவர், நகைச்சுவையாளராக இருக்க வேண்டியதில்லை. 'ஹி இஸ் ஜஸ்ட் ஹியூமரிங் யூ' என்றால் அவர் உங்களைச் சிரிக்கவைக்கிறார் என்று பொருளல்ல. மனம் கோணக்கூடாதே என்று உங்கள் போக்குக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று பொருள்.

'விட்' வேறு குலம். அறிதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வேர் அது. வடமொழி வழியாக நமக்கு வந்த வித்தை, வேதம் என்ற சொற்களும் அந்த மூதாதையிடமிருந்து பிரிந்தவைதான். ஹாம்லெட் நாடகத்தில் வளவளவென்று பேசும் பொலோனியஸ், சுருக்கமே 'விட்'டின் உயிர் என்று சொல்லும்போது, அந்தக் காலப் பொருளில் அறிவைத்தான் சொல்கிறான். இன்று அந்த வரியை நகைச்சுவைத் துணுக்குகளுக்கு முகப்பாக வைக்கிறார்கள். இன்றைய 'விட்' என்பது வேகமும் கூர்மையும் கொண்ட சொற்திறன். ஒருவரை 'விட்டி' என்றால் அவர் அறிவைப் பாராட்டுகிறீர்கள். 'ஹாஸ் எ குட் சென்ஸ் ஆஃப் ஹியூமர்' என்றால் அவர் மனத்தைப் பாராட்டுகிறீர்கள். மேலாளர்களைப் பொறுத்தவரை இரண்டாவது எப்போதும் பாதுகாப்பானது. 'ஹியூமர் சென்ஸ்' என்று திருப்பிப் போட்டுச் சொல்வது நம்முடைய வழக்கம் மட்டுமே.

சிலேடைக்கு ஆங்கிலத்தில் 'பன்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பொருள் சரி, மதிப்பு வேறு. காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருந்தவைத்தால் நாம் ஐந்நூறு ஆண்டுகளாகக் கைதட்டுகிறோம். ஆங்கிலேயர்களிடம் 'பன்' சொன்னால், அது நன்றாக இருந்தாலும் அவர்கள் முனகுவார்கள். அந்த முனகலுக்கே 'க்ரோன்' என்று பெயர், அதுவே கைதட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஷேக்ஸ்பியர் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில், சாகும் தறுவாயிலுள்ள மெர்குஷியோவின் வாயில், நாளை என்னைத் தேடினால் 'க்ரேவ் மேன்' ஆக இருப்பேன் என்று வைத்தார். அச்சொல் ஆழ்ந்த முகமுடையவனையும் கல்லறையையும் ஒருசேரக் குறிக்கும். அவ்வளவு பெரிய மரபு இருந்தும், இன்று 'பன்' சொல்பவர் 'நோ பன் இன்டென்டட்' என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சேர்த்துக்கொள்கிறார். மொக்கைக்கும் கடி ஜோக்குக்கும் இங்கேதான் சொற்கள் கிடைக்கின்றன. பலவீனமானது 'லேம்', பழசாகிப் புளித்தது 'கார்னி', குடும்பத் தலைவர் பிள்ளைகளை நெளியவைக்கச் சொல்வது 'டாட் ஜோக்'. கடி ஜோக்குக்கு 'டாட் ஜோக்' நெருங்கி வருகிறது என்பது என் கணிப்பு. கடியில் உள்ள வேண்டுமென்றே வதைக்கும் இன்பம் அதில் அப்படியே இருக்கிறது. 'புவர் ஜோக்' என்பதைச் சுருக்கி நம் கல்லூரிகளில் சொல்லும் 'பிஜே' இந்தியாவுக்கு வெளியே உறங்கும் உடையைத்தான் நினைவூட்டும்.

வினைச்சொற்களில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழில் ஜோக் அடிக்கிறோம், காமெடி பண்ணுகிறோம். ஆங்கிலத்தில் ஏற்கெனவே உள்ள துணுக்கைச் சொல்வது 'டெல் எ ஜோக்'. அந்தக் கணத்தில் தோன்றியதைச் சொல்வது 'மேக் எ ஜோக்'. பேச்சுக்கிடையே உதிர்ப்பது 'க்ராக் எ ஜோக்'. நாற்காலியில் பசை தடவுவதுபோலச் செயலில் காட்டினால் 'ப்ளே எ ஜோக் ஆன்', அதன் பெயர் 'ப்ராக்டிகல் ஜோக்'. புரிந்துகொள்வது 'கெட்', பொறுத்துக்கொள்வது 'டேக்'. 'ஹி காண்ட் டேக் எ ஜோக்' என்றால் அவருக்குப் புரியவில்லை என்றல்ல, தாங்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று பொருள். 'காமெடி' என்பதோ ஒரு கலைவகையின் பெயர். அதை மனிதர்கள் 'செய்வது' மேடையில்தான். 'டோன்ட் டூ காமெடி' என்று நண்பரிடம் சொன்னால் அவர் தொழிலை மாற்றிக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். 'டோன்ட் பி ஸில்லி', 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்' என்பவை நாம் சொல்ல நினைப்பதற்கு அருகில் வரும். விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும் என்பதற்கு நாம் எழுதும் 'ஜோக்ஸ் அபார்ட்' இந்திய வழக்கு. பிரிட்டனில் 'ஜோக்கிங் அபார்ட்', அமெரிக்காவில் 'ஆல் ஜோக்கிங் அசைட்'.

மேடைக் கலைஞர்களின் தொழிற்சொற்கள் பல இப்போது அலுவலகத்துக்கு வந்துவிட்டன. எதிர்பார்ப்பைக் கட்டும் பகுதி 'செட்டப்', அதை உடைத்துச் சிரிக்கவைக்கும் கடைசி வரி 'பஞ்ச்லைன்'. நம் சினிமாவின் பஞ்ச் டயலாக் கைதட்டலுக்காக, 'பஞ்ச்லைன்' சிரிப்புக்காக. நகைச்சுவை எடுபட்டால் 'இட் லேன்டட்', எடுபடாவிட்டால் 'இட் ஃபெல் ஃப்ளாட்'. நிகழ்ச்சியே படுத்துவிட்டால் அமெரிக்கர் 'இட் பாம்ப்ட்' என்பார். ஆனால் பிரிட்டிஷார் 'இட் வென்ட் டவுன் எ பாம்ப்' என்றால் அமோக வெற்றி என்று பொருள். அதே வெடிகுண்டு, ஒரு கரையில் தோல்வி, மறுகரையில் வெற்றி. உங்கள் குழுவில் இரு நாட்டவரும் இருந்தால் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது.

சிரிப்பின் ஓசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைத்தனமான கிளுகிளுப்பு 'கிகில்', தனக்குள் மகிழ்ந்து மெல்லச் சிரிப்பது 'சக்கிள்', கூடமதிர வாய்விட்டுச் சிரிப்பது 'கஃபா'. மறைவாக இளக்காரத்தோடு சிரிப்பது பிரிட்டனில் 'ஸ்னிகர்', அமெரிக்காவில் 'ஸ்னிக்கர்'. 'சார்ட்ல்' என்பது லூயிஸ் கரோல் 1871இல் தாமே உருவாக்கிய சொல், 'சக்கிள்' ஒன்றும் மூக்கால் எழுப்பும் 'ஸ்னார்ட்' ஒன்றும் சேர்ந்தது. 'ஸ்மர்க்' மட்டும் கவனம்: அது புன்முறுவலுக்கு அழகான மாற்றுச்சொல் அல்ல, தன்னை மெச்சிக்கொள்ளும் எரிச்சலூட்டும் இளிப்பு. நிறுவன இதழுக்குக் கட்டுரை எழுதிய மாணவி ஒருவர், நிறுவனர் எப்போதும் 'ஸ்மர்க்' செய்தபடியே பணியாளர்களை வரவேற்பார் என்று எழுதிக் கொண்டுவந்தார். அச்சுக்குப் போவதற்கு முன் அது என் கண்ணில் பட்டது அவருடைய நல்ல நேரம்.

துயரத்தின் நடுவே வரும் சிரிப்புக்கு 'டார்க்' அல்லது 'ப்ளாக் ஹியூமர்' என்றும், சாவோ ஆபத்தோ தன்னையே நெருங்கும்போது ஒருவர் சிரிப்பதற்குக் 'காலோஸ் ஹியூமர்' என்றும் பெயர். 'காலோஸ்' என்பது தூக்குமரம், தொடர் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்ந்து வந்தது. உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்ட் 1927இல் எழுதிய சிறு கட்டுரையில், திங்கட்கிழமை தூக்குக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி ஒருவன் இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது என்று சொல்வதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பணிநீக்கப் பட்டியலில் பெயர் வந்தவர் தம்மைப் பற்றிச் சொல்லும் வேடிக்கை இந்த வகை. அதே வேடிக்கையைப் பட்டியலில் இல்லாதவர் சொன்னால், 'பேட் டேஸ்ட்' என்ற இரண்டு சொற்களில் அவர் கணக்கை முடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் தேவைப்படக்கூடிய ஒன்று, வேடிக்கை தவறிப்போனால் என்ன சொல்வது என்பது. 'ஜஸ்ட் கிட்டிங்' என்பதைப் புண்பட்டவரிடம் சொல்லாதீர்கள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுபோல ஒலிக்கும். 'தட் கேம் அவுட் ராங், ஐ'ம் ஸாரி' என்பது நேர்மையானது. உங்கள் பக்கம் புரியாமல் போனால் 'தட் வென்ட் ஓவர் மை ஹெட்' என்று ஒப்புக்கொள்ளலாம். வேண்டாத நேரத்தில் விளையாட்டாகப் பேசிவிட்டோம் என்று உணர்ந்தால் 'ஐ வாஸ் பீயிங் ஃபசீஷஸ்' என்பது பண்பான ஒப்புதல். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் அகர வரிசையிலேயே இடம்பெறும் அபூர்வமான சொல் அது என்பதால் எழுத்துக்கூட்டும் எளிதில் மறக்காது.

அந்த மேலாளரை மறுபடியும் சந்திக்கும்போது, விளக்கம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரே வாக்கியம் போதும்: 'வென் ஐ செட் ஃபன்னி, ஐ மென்ட் ஃபன். ஐ ரியலி என்ஜாய்ட் யுவர் டாக்.' அதற்குப் பிறகு அவர் தம் உரையில் சொன்ன ஏதாவது ஒன்றை, விற்பனை எண்ணாக இருந்தாலும் சரி, குறிப்பிட்டுப் பேசுங்கள். அவர் வறண்ட முகத்தோடு 'ஐ'வ் பீன் கால்ட் வர்ஸ்' என்று பதில் சொன்னால் கலங்க வேண்டாம். அது 'டெட்பேன்', உங்களைப் 'பான்டர்' ஆடக் கூப்பிடுகிறார்.